சுடுபாறையில் வெறுங்கால்கள்

எனக்கு ஆபரேஷன் நடந்தபோது, நான் பிழைத்து எழுந்தால் உச்சி வெயிலில் வெறுங்காலோடு மலையேறுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் மலை. நான் எழுந்தேன். அவள் ஏறினாள். பாதி வழியில் கூட்டத்தில் விழுந்து இடுப்பு உடைந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டு நெய்தவள்; அதற்குப் பிறகு தறியின் மிதிகட்டையில் அவளால் கால் வைக்கவே முடியவில்லை.

தள்ளிவிட்டது எந்தப் பாவியோ என்று நான் திட்டாத நாளில்லை. "உடுமா, யாரும் வேணும்னு தள்ளல" என்பாள் அம்மா. அதைக் கேட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் அதே மலைப்பாதையில் கூட்ட நெரிசலை ஆராயும் வேலை நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு வந்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். இடித்துத் தள்ளுகிற சனத்தைக் கண்ணாலாவது பார்க்க வேண்டும் எனக்கு.

அம்மா விழுந்த வளைவில் குடை பிடித்து நின்றேன். பாதை என்னவோ தேர் போகிற அகலம். ஆனால் ஓரமாக, சூடு ஏறாதிருக்க வெள்ளை பெயின்ட் அடித்த பட்டை ஒன்று, ஓர் ஆள் நடக்கத்தான் இடமிருக்கும். செருப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு வருகிற கூட்டம் மொத்தமும் அதன்மேல்தான் நடந்தது. ஏறுகிறவர்களும் அதில், இறங்குகிறவர்களும் அதில். எதிரே ஆள் வந்தால் ஒருவர் பட்டையை விட்டுச் சுடுபாறையில் கால் வைத்தாக வேண்டும். வைத்தவர் ஐயோ என்று துள்ளிப் பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்ந்தார். ஒரு பெரியவர் அப்படி இடித்துவிட்டு, இடிபட்ட பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார். இவர்களில் யாரைப் போய்த் திட்டுவது? எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பாறையில் மட்டும் செருப்போடு நடக்க விட வேண்டும் என்று அறிக்கையில் எழுதப்போவதாகவும் சொன்னேன்.

"எழுது. மத்தவங்களாவது விழாம இருக்கட்டும்" என்றாள்.

"நீயும் அன்னைக்குச் செருப்பு போட்டிருந்தா விழுந்திருக்கவே மாட்டம்மா."

"அடி போடி! உன் உசுருக்கு வேண்டிக்கினது. அதுல போய் சலுகை கேப்பாங்களா? கால் போனா போவுது, நீ என் கண்ணு முன்னால நடந்துக்கினு இருக்கிற இல்ல? நாளைக்கே உனக்கு ஒண்ணுன்னா மறுபடியும் வெறுங்காலோடதான் ஏறுவேன், பாத்துக்கோ."

பிறகு, "பாத்ரூம் போவணும், தூக்கி உடுமா" என்று கையை நீட்டினாள்.