மம்சாபுரம் மேட்டு மூக்கு

இன்று காலை பல் துலக்கக் குழாயைத் திறந்தால் தண்ணீரைக் காணோம். புஸ்ஸென்று காற்று வந்தது. இரண்டு தடவை இருமிவிட்டு, கொஞ்சம் செந்தண்ணீரைத் துப்பியது. "பிளம்பரைக் கூப்பிடவா?" என்றாள் மனைவி. நானோ பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். காற்று வரும் குழாய்க்கு நேரே முகத்தைக் கொடுக்க மாட்டேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில், மலையடிவாரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் குடிநீர்க் குழாயில் எனக்கும் செல்வத்துக்கும் தினக்கூலி வேலை. செல்வம் ராஜபாளையத்துக்காரன், என் வயசு, கெட்டிக்கார ஃபிட்டர். நானும் ஃபிட்டர்தான், பேருக்கு. ஸ்பேனர் சுமப்பேன்.

மம்சாபுரம் பக்கம் குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்கும். தண்ணீரோடு வரும் காற்றெல்லாம் அந்த உச்சியில்தான் போய்ச் சேரும். சேர்ந்துவிட்டால் இடத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு வழிவிடாது. அதை வெளியே விடத்தான் உச்சியில் ஏர் வால்வு. ஊர்க்காரர்கள் அதை மூக்கு என்பார்கள். சதா சீறிக்கொண்டும் ஒழுகிக்கொண்டும் கிடக்கும்.

ஒருநாள் நான் மட்டும் அங்கே போனபோது, பக்கத்துக் களத்தில் காளியம்மாக்கா மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார். "ஏய்யா, எம்புட்டு வத்தல் நனைஞ்சு போச்சு பாரு. அந்த மூக்க அடைச்சு விட்டுட்டுப் போயேன்" என்றார். கையில் ஒரு பை மாம்பழம். அந்த வாசனைக்கு என் புத்தி பல்லிளித்தது. பூவரசங்குச்சியைச் சீவி ஓட்டையில் அடித்து, மேலே சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பழத்தில் பாதியைச் செல்வமும் தின்றான். ஏது என்று கேட்கவில்லை.

நாலு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தண்ணீர் மெலிந்தது. பத்தாம் நாள் கடைசித் தெருவில் சொட்டு இல்லை. அழுத்தம் கூட்டினால் சரியாகும் என்று ஆபீசில் மலையடிவாரத்து வால்வை முழுசாகத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். காரணம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

மேட்டுக்குப் போனோம். உச்சி வெயில். எப்போதும் சீறுகிற இடம் ஊமையாகக் கிடந்தது. செல்வம் டியூப் கட்டைப் பார்த்தான்.

"எந்தக் கூறுகெட்டவன்லே இதக் கட்டுனது?"

"தெரியலையே மாப்ள."

குனிந்து இடது காதை வால்வோரம் வைத்தான். "தண்ணிச் சத்தமே இல்லலே. அம்புட்டும் காத்து." காதை எடுக்காமலே டியூபில் கத்தியை வைத்தான். தள்ளிக்கோடா என்று சொல்ல வேண்டும். தெரியலையே என்று சொன்ன வாய்க்கு அது வரவில்லை.

வேட்டு வெடித்ததுபோல ஒரு சத்தம். செல்வம் மண்ணில் கிடந்தான். காதிலிருந்து ரத்தம் வடிந்தது. குழாய் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. பொறவு தண்ணீர் பீய்ச்சியது. அன்று சாயங்காலமே கடைசித் தெருவுக்குத் தண்ணீர் போய்விட்டது. செல்வத்துக்கு இடது காது போனது போனதுதான்.

பல வருஷம் கழித்து, ராஜபாளையத்தில் ஒரு டீக்கடையில் வேண்டுமென்றே அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து சொன்னேன்: "அந்தக் குச்சிய அடிச்சது நாந்தான் மாப்ள."

"என்னலே? இந்தப் பக்கம் வந்து சொல்லு."

"டீ ஆறுதுன்னேன்."

இப்போது அந்த மேட்டை வெட்டி ரோடு போட்டுவிட்டார்கள். மூக்கும் இல்லை, வத்தல் களமும் இல்லை. போன வருஷம் செல்வமும் போய்விட்டான். சாகிறவரைக்கும் அவனுக்கு வலது காது நன்றாகத்தான் கேட்டது.