பார் கோடு வகுப்பு

சித்ரகலாவைக் கோபக்காரி என்று சாமளாபுரத்தில் யாரும் சொன்னதில்லை. அவள் அப்பா வெள்ளியங்கிரி கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறிகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் எங்கே போனாலும் இரைந்துதான் பேசுவார்கள். இவள் மட்டும் தணிந்து பேசுவாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, பல்லடத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த கணினிப் பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் கணக்குப் பார்க்கக் கணினி கற்க வரும் பனியன் கம்பெனி ஆட்களுக்குக்கூட முகம் கோணாமல் சொல்லிக்கொடுப்பாள்.

2008 ஏப்ரலில் அருள்குமார் அந்த மையத்துக்கு வந்தார். அருள்புரத்தில் ஒரு பெரிய ஏற்றுமதி பனியன் கம்பெனிக்கு அவர், ஆட்களை வேலைக்கு எடுக்கும் பர்சனல் மேனேஜர். கஞ்சி போட்ட சட்டையும் ஓயாத சிரிப்புமாக இருந்தார்.

"ஏனுங்க மேடம், லீவுல புள்ளைங்க சும்மா வெயில்ல சுத்தறாங்க. ஹைஸ்கூல் புள்ளைங்களுக்குன்னே ஒரு டெக்னாலஜி கேம்ப் நடத்தோணும்னு எங்க முதலாளி ஆசப்படறாருங்க. காத்தால கம்பெனி பஸ் வந்து கூட்டிட்டுப் போகும். சாயங்காலம் ஊட்டுல கொண்டாந்து உட்ருமுங்க. டிபன், சாப்பாடு எல்லாம் நம்மளுது. நீங்க பாடம் எடுத்தாப் போதுமுங்க."

சித்ரகலாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் படித்த பள்ளியில் கணினி அறைக்கு எப்போதும் பூட்டுத் தொங்கும். ஜன்னல் வழியாக, துணி போர்த்திய பெட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான் அங்கே கணினி வகுப்பு. தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த நிலைமை வேண்டாம் என்று அவளே வீடு வீடாகப் போய்க் கேட்டாள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய அம்மாக்களிடம், "நான் கூடவே இருப்பனுங்க, என்ற பொறுப்பு" என்றாள். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த அனிதாவின் அம்மா சுப்பாத்தாள் அதே கம்பெனியில், தைத்த பனியனில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தாள். "நானும் அங்கதான இருக்கறேன். ஒரு கண்ணு வெச்சுக்கறேன், கூட்டிட்டுப் போங்க" என்று மகளை அனுப்பினாள்.

முதல் வாரம் நன்றாகவே போனது. கம்பெனி ஆபீசுக்கு மேலே குளிரூட்டிய அறை, வரிசையாகப் புதுக் கணினிகள். பிள்ளைகள் எல்லோருக்கும் முகாமின் பெயர் அச்சிட்ட மஞ்சள் பனியன். அவரவர் ஊரைப் பற்றி ஓர் இணையப் பக்கம் செய்யச் சொல்லியிருந்தாள் சித்ரகலா. அனிதா சாமளாபுரம் குளத்தைப் பற்றிச் செய்தாள். மழைக்குப் பிறகு வரும் பறவைகளை எல்லாம், பெயர் தெரியாததை 'நீளக் கால் உள்ளது' என்று போட்டு, வரிசையாக எழுதியிருந்தாள். கவின் என்ற பையன் பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்துக்கொண்டு மாற்றவே மாட்டேன் என்றான். பார்த்தவர்களுக்குக் கண் வலித்தது. சிரித்துச் சிரித்து வயிறும் வலித்தது.

"இத அமெரிக்காவுல இருந்தும் பாக்கலாங்களா மிஸ்?" என்று அனிதா கேட்டாள்.

"இன்டர்நெட்ல ஏத்துனா பாக்கலாம் கண்ணு. கடைசி நாள் ஏத்தீரலாம்."

இரண்டாவது வாரம் மத்தியானங்களில் கரண்ட் போக ஆரம்பித்தது. ஜெனரேட்டர் தையல் மெஷின்களுக்கே சரியாக இருந்தது. அருள்குமார் வந்தார்.

"இருட்டுல கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சு என்னங்க பண்றது? புள்ளைங்களுக்குக் கம்பெனியச் சுத்திக் காட்டறமுங்க. இண்டஸ்ட்ரியல் ட்ரைனிங். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் பேட்டரி இருக்குதுங்க, நீங்க கீழ உக்காந்து, பனியன் வாங்கற வெள்ளக்காரங்க வர்றப்பப் போட்டுக் காட்ட, கேம்ப்பப் பத்தி ஒரு ஸ்லைடு ஷோ பண்ணிக் குடுத்துருங்க."

நியாயமாகத்தான் பட்டது. சித்ரகலா அன்று முதல் மத்தியானங்களில் ஆபீசில் உட்கார்ந்து, பிள்ளைகள் சிரிக்கிற படங்களாகப் பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொன்றின் கீழும் 'நாளைய பொறியாளர்கள்' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கவின் கீபோர்டு மேலேயே கவிழ்ந்து தூங்கினான். அனிதா எழுந்துபோன பிறகு அவள் கீபோர்டைத் தொட்டால் விரல் ஒட்டியது. சித்ரகலா அவளைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து, தோல் உரிந்த மாதிரி பொருக்குப் பொருக்காக நின்றது.

"என்ன கண்ணு இது?"

"பார் கோடு கிளாஸ் மிஸ்."

"அதென்ன கிளாஸ்?"

"பாலிபேக் மேல ஸ்டிக்கர் ஒட்டோணும் மிஸ். கோணலா ஒட்டுனா மெஷின் படிக்காதாம். நேரா ஒட்டறதுதான் டெக்னாலஜின்னு அங்க இருக்கற சார் சொன்னாரு."

அன்று மத்தியானம் சித்ரகலா ஆபீசில் உட்காரவில்லை. பிள்ளைகள் போன திசையிலேயே போய்ப் பேக்கிங் ஹாலில் நுழைந்தாள். அயர்ன் டேபிள்களின் நீராவியும் பசை நாற்றமும் முகத்தில் அடித்தன. பனியன் அடைத்த பிளாஸ்டிக் பைகள் மலையாகக் குவிந்து கிடக்க, அவற்றைச் சுற்றித் தரையில் சம்மணம் போட்டு, மஞ்சள் பனியனில் அவளுடைய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க ஒருத்தி ஒட்டினாள். கவின் ஒட்டியதை அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் ஒருவன், "பேசாம ஒட்டு, பேசாம ஒட்டு" என்று சொல்லிக்கொண்டே நடந்தான். நாலு எட்டில் செக்கிங் டேபிள். அங்கே சுப்பாத்தாள் குனிந்து பீஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்ரகலா வந்து நின்றது தெரிந்தும் அவள் நிமிரவில்லை.

சித்ரகலா அங்கே நிற்கவில்லை. வெளியே ஓடி, குழாயைத் திறந்து, எதையும் தொடாத கைகளை மறுபடி மறுபடி கழுவினாள். அருள்குமார் அங்கேயே வந்துவிட்டார்.

"என்னாச்சுங்க மேடம், உடம்பு சரியில்லீங்களா?"

"அந்தப் புள்ளைங்க அங்க என்ன பண்றாங்க சார்?"

"பேக்கிங் பண்ற தெக்கத்தி ஆளுங்க எல்லாம் திருவிழான்னு ஊருக்குப் போயிட்டாங்க. கண்டெய்னர் நிக்குதுங்க. சித்த நேரம் ஒத்தாச, அவ்வளவுதான்."

"நான் டெக்னாலஜி கேம்ப்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தனுங்க."

அவர் சிரித்தார். "பார் கோடு டெக்னாலஜி இல்லீங்களா மேடம்? நீங்களே சொல்லுங்க." அவரோடு வந்து நின்ற ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முதலாளி கந்தப்பனிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று மறுநாள் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார். இளநீர் வரவழைத்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை தலையை ஆட்டிக் கேட்டார்.

"நானுமு இந்த வயசுல காட்டு வேல செஞ்சவந்தான் கண்ணு. வேல செஞ்சா கெட்டா போயிருவாங்க? நம்ம புள்ளைங்கதான. உள்ள நெழல்ல உக்காந்துட்டு இருக்கறாங்க. வயித்துக்கு நல்ல சோறு போடறோம்."

"உங்க ஊட்டுப் பசங்க லீவுக்கு எங்கீங்க போயிருக்காங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "என்ற பேரன் பெங்களூர்ல கேம்ப்புக்குப் போயிருக்கறான். ரோபோவெல்லாம் செய்யறானாமா!"

"அங்க ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றாங்களாங்க?"

கந்தப்பனின் சிரிப்பு நின்றது. ஆனால் குரல் ஏறவில்லை. "எளனியக் குடிச்சுட்டுப் போ சாமி" என்றார்.

அவள் குடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டும் போகவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வரப்போகிறார்களே, பதினாலு பதினஞ்சு வயதுப் பிள்ளைகளை வேலை வாங்கினால் அவர்கள் விடமாட்டார்கள், அவர்களிடமே சொல்லிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை அவளுக்கு இருந்தது.

அவர்கள் வந்த அன்று பேக்கிங் ஹால் கழுவிவிட்டது போல இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் கணினி அறையில். வெள்ளைக்காரர் இருவரோடு, அவர்களுடைய சென்னை ஆபீசிலிருந்து ஒரு பெண்ணும் வந்திருந்தாள். சித்ரகலா அவளைப் படிக்கட்டு ஓரம் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"நீங்க இதை என்கிட்ட சொல்லலை. சரிங்களா?" என்றாள் தணிந்த குரலில். "சொன்னீங்கன்னா நான் எழுதணும். எழுதினா ஆர்டர் போயிடும். எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும், யோசிச்சுப் பாருங்க." சித்ரகலாவின் தோளை மெதுவாகத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஸ்லைடு ஷோவை ஓட்ட மாட்டேன் என்று சித்ரகலா சுவரோரம் நின்றுகொண்டாள். அருள்குமாரே வந்து ஓட்டினார். தங்கள் முகங்கள் பெரிதாகத் திரையில் வர வரப் பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். வெள்ளைக்காரர்களும் கைதட்டினார்கள். தன் கையால் எழுதிய 'நாளைய பொறியாளர்கள்' ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் பிள்ளைகளோடு அவளும் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி நடந்ததைச் சொன்னாள், நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம் என்றாள். சிலர் கம்பெனியைத் திட்டினார்கள். சிலர், "அட, ஊட்டுல இருந்தா டிவிதான பாக்கறாங்க மிஸ்" என்றார்கள். கவினின் அப்பா, "சர்டிபிகேட் குடுப்பாங்கல்லங்க?" என்று மட்டும் கேட்டார்.

சுப்பாத்தாள் வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டாள். "எனக்குச் சொல்லாதீங்க மிஸ். நாந்தான் தெனமும் பாத்துட்டு இருந்தனே. திரும்பிப் பாத்தா உன்ன வேலைய உட்டு நிறுத்தீருவேன்னு சூப்பர்வைசர் சொன்னான். என்ற புள்ள தாகத்துக்குத் தண்ணி கேட்டப்பக்கூட நான் திரும்பல. த்தூ, என்ன பொழப்பு இது." கேட்டுக்கொண்டிருந்த அனிதா உள்ளே போய்விட்டாள். சுப்பாத்தாளைத் திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்ததைச் சொல்லாமலே சித்ரகலா பஸ்ஸுக்குத் திரும்பினாள்.

மறுநாள் பஸ்ஸில் பாதிப் பிள்ளைகள் ஏறவில்லை. பாதிப் பிள்ளைகள் ஏறினார்கள். ஏறின கவின் அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"மிஸ், கம்ப்யூட்டர் எல்லாம் வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க! எல்லாம் வாடகைக்கு எடுத்ததாமா. ரூமு காலி. நாங்க செஞ்ச பக்கமெல்லாம் அதுலயே போயிருச்சு."

"அப்பறம் நீங்க என்ன பண்ணீங்க?"

"காத்தாலயிருந்தே ஸ்டிக்கர் கிளாஸ்தான்."

"நாளைக்கும் போறயா?"

"அப்பா போகச் சொல்றாரு மிஸ்." முகாம் முடிகிறவரை போனான். கணினிப் பயிற்சி முடித்ததாகச் சான்றிதழும் வாங்கினான்.

பயிற்சி மையத்துக்காரர் சித்ரகலாவைக் கூப்பிட்டு, கம்பெனிக்காரர்களைப் பகைத்துக்கொண்டு பல்லடத்தில் கடை நடத்த முடியாது என்று சொல்லி, அழாக்குறையாக வேலையிலிருந்து நிறுத்தினார். அவரும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இத்தனையிலும் ஒருவர்கூட அவளிடம் குரலை உயர்த்தவில்லை, ஒருவர்கூட ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. யாராவது ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் சுத்தமாக இருந்திருக்கும் என்று அப்பாவிடம் சொன்னாள். வெள்ளியங்கிரி தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "போயிட்டுப் போகுது, உடு கண்ணு" என்றார். அவளால் விட முடியவில்லை.

ஜூனில் உடுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் அவளுக்குக் கணினி ஆசிரியை வேலை கிடைத்தது. சுப்பாத்தாள் அந்தக் கம்பெனியை விட்டு, பல்லடத்தில் ஒரு சின்ன யூனிட்டுக்கு மாறிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஆவணியில் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்று. சித்ரகலா பந்தியில் உட்கார்ந்தாள். இலையில் எல்லாம் பரிமாறியாகிவிட்டது. பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவர் அருள்குமார்.

"அட, மேடம்! நல்லாருக்கீங்களா? உங்களத்தானுங்க நெனச்சுட்டு இருந்தேன். கேம்ப்பு இந்த வருஷமும் நடத்துனமுங்க, போன வருஷத்தவிடப் பசங்க அதிகம். பேப்பர்லகூடப் போட்டாங்க. பாக்கலீங்களா?"

கையில் பிசைந்து வைத்திருந்த சோற்றை அவள் இலையிலேயே போட்டாள். இலையை மடித்தாள்.

"என்னங்க மேடம், சாப்பிடாம எந்திரிக்கறீங்க? பாயசம் வருதுங்க."

பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பிடாமல் எழுந்தால் கல்யாண வீட்டுக்காரர்கள் வருத்தப்படுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"உங்க பக்கத்துல உக்காந்து சோறு எறங்காதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, கை கழுவப் போனாள்.