மாடிக்குப் போன ஒயர்

மேல்வீட்டுக்கு அந்த நர்ஸ் பெண் குடிவந்த வாரத்தில்தான் எங்கள் டிவியில் படம் உடைய ஆரம்பித்தது. முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். பேச்சு பாதியில் நிற்கும். பிறகு ‘சிக்னல் இல்லை’ என்று வந்துவிடும். கிணத்துக்கடவில் இந்த வீட்டைக் கட்டி ஒன்பது வருடம். இத்தனை நாள் வராத கோளாறு இப்போது மட்டும் எப்படி வரும்?

கோபியிலிருந்து வந்தவள், தனியாள், மரியாதையான பேச்சு. ஆனால் நான் பார்க்கும் அதே சீரியல் சாயங்காலமானால் மேலேயும் ஓடியது. என் டிவியில் கதாநாயகி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்க, அந்தக் கதாநாயகியின் அழுகை மாடியிலிருந்து தெளிவாகக் கேட்டது. எங்கள் கேபிள் லைனில்தான் ஒயர் ஒட்டி இழுக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

“கேபிள்காரரக் கூப்புடு, சும்மா எதையாச்சும் நெனைக்காத” என்றார் என் வீட்டுக்காரர். எனக்கோ முதலில் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மிளகாய் காயப்போடும் சாக்கில் மேலே போனேன். அவள் ஜன்னல் ஓரமாக ஒரு கறுப்பு ஒயர் போனது. அதை விரலால் தடவிக்கொண்டே நகர்ந்தபோது கதவு திறந்தது.

“ஏனுங்க்கா, எதாச்சும் தேடறீங்களா?”

“அணில் கடிச்சிருக்குதான்னு பாக்கறேன் கண்ணு” என்றேன். மறுநாள் அவள் கறிவேப்பிலை கேட்டபோது, மரத்தில் பூச்சி விழுந்திருக்கிறது என்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கேபிள்காரர் வந்தார். மாடியில் லைன் இறங்கும் இடத்தில் கையடக்க மீட்டரை மாட்டிப் பார்த்து, “வர்ற சிக்னல் ஜம்முனு இருக்குதுங்க” என்றார்.

“அந்த ஜன்னல் ஒயரப் பாருங்க. அங்கதான் இழுக்கறாங்க.”

அவர் இழுத்துப் பார்த்தார். “இது பழைய லைட் ஒயருங்க.”

துணி எடுக்க வந்த நர்ஸ் பெண் படியருகே நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். “எங்கூட்டுல டிவியே இல்லீங்க்கா. போன்லதான் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கீழே பரண்மேல் நாலு பக்கம் பிரியும் ஸ்ப்ளிட்டர் ஒன்று கிடந்தது. எல்லா அறையிலும் டிவி பாயிண்ட் வேண்டும் என்று வீடு கட்டும்போது அடம்பிடித்தது நான்தான். மூன்று அறைகளில் டிவியே வைக்கவில்லை. டிவிக்குப் பின்னால் இன்னொரு ஸ்ப்ளிட்டர். மாடியை வாடகைக்கு விடுவதற்காகப் பெயிண்ட் அடித்தபோது டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். எலக்ட்ரீசியன் இந்த இரண்டாவது ஸ்ப்ளிட்டரை வைத்து ஒயரை நீட்டியிருக்கிறார்.

“அந்தப் பக்கம் டிவி இல்லீனாலும் சிக்னல் பிரிஞ்சுதான் போகுமுங்க. பிரிஞ்சத மறுக்காப் பிரிச்சா, டிவிக்கு என்ன மிஞ்சும்?” என்றவர், இரண்டையும் கழற்றிவிட்டு ஒரே ஒயராக இழுத்து, முனையில் புதுப் பின் போட்டார். படம் பளிச்சென்று வந்தது. எனக்கு உட்கார்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை.

மேலே போய், “தப்பா நெனச்சுப்போட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத” என்றேன்.

எடுத்து வந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். “நானும் ஒண்ணு நெனச்சனுங்க்கா. காலைல நான் குளிக்கப் போறப்பத்தான் தண்ணி நிக்குது. கீழ வால்வ நீங்கதான் மூடறீங்கன்னு.”

“ஐயோ, நாங்க மூடறதே இல்லயே!”

“செரீங்க்கா” என்றாள். நம்பினாளா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.