பாம்புக்குக் கொடுத்த பட்டிழை

தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்த அப்பா "ஐயோ!" என்று துள்ளி மேலே வந்ததை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா மகா வீரர்தான். ஆனால் குழிக்குள் பாம்பு இருந்தால் அவரும்தான் என்ன செய்வார், பாவம்!

அவர் கம்பைத் தேடுவதற்குள் அத்தை குழிக்குள் இறங்கிவிட்டாள். அப்பாவின் ஒரே தங்கை. மெட்ராஸில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தவள், லீவுக்கு வந்திருந்தாள். விஷமில்லாத பாம்பு என்று தெரிந்ததும், சுண்டுவிரல் தடிமனே இருந்த அதைக் கையிலேயே எடுத்துவிட்டாள்.

"கண்ணாலம் ஆவப்போற பொண்ணு பாம்பப் புடிச்சிக்கினு நிக்கறியே, மாப்பிள்ள வூட்ல இன்னா சொல்லுவாங்க?" என்று அப்பா கத்தினார்.

அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே! பூதக்கண்ணாடியும் கையுமாகச் செதில் வரிசைகளை எண்ணினாள். வெள்ளைக்காரன் காலத்துக்குப் பிறகு யார் கண்ணிலும் படாத பாம்பாம். அவன் எழுதிவைத்த அடையாளம் இரண்டு: செதில் வரிசை, வயிற்றின் சிவப்பு. சாயந்திரமே பாம்பு செத்துவிட்டது. கெடாமல் இருக்க ஸ்பிரிட்டில் போட்டால் செதில் அப்படியே இருக்கும், சிவப்பு வெளுத்துவிடும். கலர் போட்டோவெல்லாம் எங்கள் ஊரில் அப்போது ஏது! அப்புறம் அதே செதில் வரிசை உள்ள சாதாரண வெள்ளை வயிற்றுப் பாம்புதான் இது என்று பேராசிரியர் தள்ளிவிடுவார்.

"செவப்புன்னு சொன்னா எந்தச் செவப்புன்னு கேப்பாங்கண்ணா" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் இருந்த பட்டு நூலையெல்லாம் நான் ஓடி ஓடிக் கொண்டுவந்தேன். குங்குமச் சிவப்பு, மாதுளை, எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் அத்தையின் பார்வை தறிக்குப் போனது. அதில் இருந்தது அவளுடைய முகூர்த்தப் புடவை. அந்த அரக்கு நிறத்தில் மிச்ச நூல் ஒரு முழம்கூடக் கிடையாது. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஓர் இழை அறுந்தாலே வீட்டை இரண்டாக்குகிற அப்பா, தானே கத்தரியை எடுத்துப் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலிலிருந்து ஓர் இழையை வெட்டினார். பாம்பின் வயிற்றில் வைத்தால் எது நூல், எது பாம்பு என்றே தெரியவில்லை!

"இத்தக் கொண்டும்போய்க் காட்டும்மா. எவன் இல்லன்றான்னு பாக்கலாம்."

ஒருவராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மறுபடி கண்டுபிடித்தவள் என்று அத்தையின் பெயரே அச்சில் வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

கல்யாணத்தன்றுதான் கவனித்தேன். வெட்டின இடத்தில் வேறு நூலை முடிச்சுப் போட்டுச் சேர்த்திருக்கலாம், அப்பா சேர்க்கவில்லை. அங்கிருந்து புடவை நெடுக மெல்லிசாக ஒரு கோடு ஓடியது. வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி அதைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ மானம் போயிற்று. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மணையருகில் உட்கார்ந்து அந்தக் கோட்டை மடிப்புக்குள் செருகிச் செருகி விட்டேன். அத்தை சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தடவையும் அதை வெளியே எடுத்துவிட்டாள்.