குட்டை ஸ்டவ்

அந்த ஸ்டவ் குட்டையாக இருந்தது. அதற்காகத்தான் அதை எல்லோருக்கும் பிடித்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில், விராலிமலையில் திருச்சி மதுரை சாலையோரம், ஒரு டயர் கடைக்குப் பின்னால் எங்கள் கூடம் இருந்தது. 'இயந்திர வடிவமைப்பு' என்று வாசலில் பலகை தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு சினிமா தட்டி எழுதித் தர முடியுமா என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். உள்ளே மூன்று பேர் இருந்தோம். கூடத்தை நடத்தியவரை நாங்கள் சார் என்போம். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்பு செட் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மனைவியோடு ஊர் திரும்பியவர். அவர் மனதில் நினைத்ததைத் தகரத்திலும் பித்தளையிலும் செய்து காட்டுபவர் பற்றவைப்பு அண்ணன், ஜெகதாப்பட்டினத்துக்காரர். மூன்றாவது ஆள் நான். டிராயிங் ஹையர் தேர்வு பாஸ் செய்துவிட்டு, ஆவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, சார் போடும் பென்சில் வரைபடங்களுக்கு மை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

கிணற்றுக் கயிறு சிக்காத உருளை, பால் கேன் சாயாத சைக்கிள் கேரியர், கடலை உடைக்கும் பெட்டிக்குப் புதுச் சல்லடை. இப்படிச் சின்னச் சின்ன வேலைகள் செய்தோம். ஸ்டவ் எண்ணம் சாருடைய மனைவியால் வந்தது. கடையில் விற்ற பம்பு ஸ்டவ்கள் உயரமானவை. ஒருநாள் அவர் சாதம் கிளறியபோது ஸ்டவ் சாய்ந்து, கஞ்சி முழுக்கத் தரையில் கொட்டியது. கால் தப்பியது பெரிய காரியம்.

"உக்காந்து சமைக்கிறவங்களுக்கு எதுக்குங்க இம்புட்டு ஒசரம்?" என்று அவர் கேட்டதை, சார் மறுநாள் எங்களிடம் வந்து அப்படியே சொன்னார்.

எண்ணெய்த் தொட்டியை அகலமாக்கினோம். பர்னரைத் தாழ்த்தி, தொட்டிக்குச் சற்று மேலேயே உட்கார வைத்தோம். கால்களை விரித்தோம். கையால் தள்ளினாலும் ஸ்டவ் அசையவில்லை. தொட்டிக்குப் பச்சை வர்ணம் அடித்து, தெரிந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் புழங்கிப் பார்க்கச் சொன்னோம். அண்ணன் தன் தங்கைக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார். சார் சந்தோஷமாகக் கொடுத்தார். பெண்கள் எல்லோரும் ஒரே வாயாகப் புகழ்ந்தார்கள். அந்தப் பங்குனி மாதம் எங்கள் கூடத்தில் அப்படி ஓர் உற்சாகம்.

எங்கள் ஆவூரில் ஈஸ்டர் தேர் முடிந்த மறுநாள், ஸ்டவ் கொடுத்திருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். விருந்தாளிகளுக்கு அதில்தான் சமைத்தார்களாம்.

"நல்லாத்தான் எரிஞ்சுச்சு. ஆனா அன்னைக்கு சத்தம் வேற மாரி இருந்துச்சு தங்கச்சி" என்றார் அந்த வீட்டு அக்கா.

"எப்படிக்கா?"

"எப்பவும் உஸ்ஸுன்னு கேக்கும்ல? அன்னைக்கு ஏறிக்கிட்டே போச்சு. யாரோ பல்லக் கடிச்சுக்கிட்டுக் கத்துற மாரி. நான் பயந்துபோயி அமத்திட்டு வெறகுக்கு மாத்திட்டேன்."

ஸ்டவ்வைத் திருப்பிப் பார்த்தேன். மேலே பச்சை வர்ணம் அம்மை போட்ட மாதிரி கொப்புளித்திருந்தது. தொட்டியின் அடி இணைப்பில், தகடுகளை ஒட்டியிருந்த ஈயப் பற்று ஓரிடத்தில் உருகி, ஒரு துளியாகத் தொங்கி உறைந்து நின்றது. விரலால் தொட்டேன். உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. நன்றாக விடிந்திருந்த காலை நேரம். வெளியே தேர்ச் சக்கரம் போன தடத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டவ்வைச் சாக்கில் சுற்றிக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். சார் அந்த இணைப்பைத் தடவிப் பார்த்தார். பின்கட்டுக்குப் போய் வேறொரு ஸ்டவ்வைப் பற்றவைத்து, டயர் கடைக்காரர் வீட்டிலிருந்து வாங்கி வந்த அகலமான சட்டியைத் தண்ணீரோடு அதன்மேல் ஏற்றினார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஈரத் துணி சுற்றிய குச்சியைத் தொட்டிமேல் வைத்தார். சுரீர் என்று ஆவி கிளம்பியது. சட்டியை இறக்கி, அணைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சின்னச் சட்டின்னா தீ பக்கவாட்டுல வெளிய போயிருது. பெரிய சட்டி அனலைக் கீழ திருப்பி அடிக்குது. தொட்டி பக்கத்துலயே இருக்கு. உள்ள எண்ணெய் கொதிச்சா ஈயம் தாங்காது" என்றார்.

அன்றே எல்லா வீடுகளுக்கும் ஓடினோம். திருப்பித் தர மனமில்லாமல் சிலர் முகம் சுளித்தார்கள். காரணத்தைச் சொன்னதும் ஸ்டவ்வை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். கடைசியில் அண்ணனின் தங்கையிடம் இருந்தது மட்டும்தான் பாக்கி.

அண்ணன் முகம் வெளிறிப்போயிருந்தது. "சார், அது தை மாசத்துலேருந்து கடல்கரையில சோத்துக்கடை வச்சிருக்கு. அதுகிட்ட சின்னச் சட்டியே கெடையாதுங்க."

"தந்தி அடிச்சிரலாமா?"

"தந்தின்னாலே யாரு செத்தான்னு அழுக ஆரம்பிச்சிருவாங்க. படிச்சுச் சொல்ல ஆள் தேடணும். நேரா போயிருவோம் சார்."

சார் என்னையும் வரச் சொன்னார். "அடுப்படியில நின்னு நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நீ வாம்மா."

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் மறுபடியும் மாறினோம். அங்கே அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம் நகரவே இல்லை. பஸ் நிலைய டீக்கடையில் ஒரு பம்பு ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. உயரமான, கடையில் வாங்கிய சாதாரண ஸ்டவ்தான். ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் எழுந்து வெயிலில் போய் நின்றுகொண்டார்.

ஜெகதாப்பட்டினத்தில் இறங்கியபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. காற்று பலமாக அடித்தது. கருவாட்டு வாடை முகத்தில் மோதியது. சோத்துக்கடையின் படல் கயிற்றால் கட்டிக் கிடந்தது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"காதுகுத்து வீட்டுக்குச் சமைக்கப் போயிருக்கு. அந்தா, அங்கிட்டு, தென்னந்தோப்புக்குள்ள. அந்தப் பச்ச அடுப்பையும் தூக்கிக்கிட்டுப் போயிருக்கு."

மணலில் ஓடினோம். கால் புதைந்தது. தோப்புக்குள் நுழைந்ததும் கொட்டுச் சத்தம் கேட்டது. கொட்டு நின்றபோது அதற்குக் கீழே இன்னொரு சத்தம். ஆவூர் அக்கா சொன்னது சரிதான். பல்லைக் கடித்துக்கொண்டு கத்துவது போலத்தான் இருந்தது.

கீற்றுப் பந்தல். நடுவே எங்கள் பச்சை ஸ்டவ். அதை முழுக்க மறைக்கிற அளவு பெரிய சட்டி, கறிக்குழம்பு. நீலத் தீயை வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் சுற்றிலும் குந்தியிருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் தங்கை கரண்டியோடு எழுந்தார்.

"வாண்ணே! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே?"

"எல்லாரும் எந்திரிங்க! வெளிய போங்க!" அண்ணன் கத்தினார். எவரும் அசையவில்லை. குடித்துவிட்டு வம்புக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் அவரைப் பிடிக்க வந்தார்கள்.

நான் பிள்ளைகளின் கைகளைப் பிடித்து இழுத்தேன். ஒன்று அழுதது. அதைத் தூக்கி வெளியே விட்டுவிட்டுத் திரும்பினேன். அதற்குள் மற்றவை சிரித்துக்கொண்டே என் பின்னால் ஓடி வந்துவிட்டன, விளையாட்டு என்று நினைத்து. அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

"காத்தைத் தொறந்துவிடுற திருகைத் தொடாதீங்க! ஆவி வெளிய வந்தா பத்திக்கும். சட்டியை மட்டும் எறக்குங்க" என்றார் சார்.

"கொதி வர நேரத்துல என்ன சார் இது..." என்று தங்கை சொன்னாலும், அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையைச் சுருட்டிச் சட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். பிடிக்க வந்தவர்களை உதறிவிட்டு அண்ணன் மறுபக்கம் பிடித்தார். தூக்கி இரண்டடி நகர்ந்திருப்பார்கள். அடி இணைப்பு விட்டது. பெரிய வெடிச் சத்தமெல்லாம் இல்லை. துணி கிழிவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். எண்ணெய் மணலில் பரவியது, தீ அதன்மேல் பாய் விரித்தது போல ஓடியது. அடித்த காற்றில் கீற்று பிடித்துக்கொண்டது. சட்டி கைநழுவிக் குழம்பு முழுக்கத் தங்கையின் இடது கையில் கவிழ்ந்தது.

சார் தண்ணீர்ப் பானையடியில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துத் தங்கையின் புடவையில் பிடித்த தீயை அடித்து அணைத்தார். நாங்கள் அவரை வெளியே இழுத்து வந்து திரும்பிப் பார்த்தபோது பந்தல் இருந்த இடத்தில் கரிக் கம்புகள்தான் நின்றன. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காது குத்த வேண்டிய பிள்ளை தாய்மாமன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

மீன் லாரி ஒன்று அறந்தாங்கிக்குக் கிளம்ப நின்றது. அதில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தங்கை அழவில்லை. வெகுதூரம் போன பிறகு சாரைப் பார்த்துக் கேட்டார்:

"இத செஞ்சப்ப எந்தச் சட்டிய வச்சுப் பாத்தீங்க சார்?"

சார் அந்தக் கையைப் பார்த்தபடி சொன்னார். "எங்க வீட்டுச் சட்டிம்மா. நாங்க ரெண்டே பேரு."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து வந்தார்.

கை ஆற மழைக்காலம் வரை ஆனது. சுண்டு விரலும் அடுத்ததும் மடங்காமலே நின்றுவிட்டன. சார் அடிக்கடி போய்ப் பார்த்து வந்தார். காதுகுத்து வீட்டாருக்குப் பந்தல் கீற்றும் பாத்திரங்களும் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் வாங்கிக்கொண்டார்களே தவிர, உள்ளே வாங்க என்று சொல்லவில்லையாம். தங்கை விறகடுப்பில் கடையைத் திரும்பத் திறந்தார். அண்ணன் கடைசி வரை சாரைக் குறை சொல்லவில்லை; ஆனால் ஈயப் பற்று வைத்ததையெல்லாம் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டு, தங்கச்சி கடைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டார். வழியனுப்ப நாங்கள் பஸ் வரை போனோம்.

சார் ஸ்டவ்வைத் திருத்தினார். இணைப்பை எளிதில் உருகாத வெண்கலத்தில் பற்றவைத்து, நடுவே அனல் தடுக்கும் தகடு வைத்து, பர்னரை உயர்த்தினார். கூடத்துக்குப் பின்னால் பொட்டலில் ஊரிலேயே பெரிய சட்டியை ஏற்றி, என்னை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத் தான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அது தாங்கியது. மறுநாளும் தாங்கியது. மதுரையிலிருந்து ஒரு பாத்திரக்கடைக்காரர் வந்து பார்த்து, உடனே செய்து கொடுங்கள் என்றார்.

"இன்னும் கொஞ்சம் பாக்கணுங்க" என்றார் சார்.

"இன்னும் என்னங்க பாக்கணும்?"

"தெரியலைங்க. அது தெரியாமத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டேன். அந்த வருஷம் திருச்சியில் எனக்கு வேலை கிடைத்துப் போகும்வரை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சார் பின்கதவைச் சாத்துவதும், வெளியே ஸ்டவ் எரியத் தொடங்குவதும் நிற்கவில்லை. நான் மேசையில் குனிந்து கோடு போட்டபடி, சத்தம் ஏறுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.