மேசையில் தட்டினார்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசிக் குளிரில், ஜெர்மனியில் நான் படித்த பல்கலைக்கழகத்தில் நடந்தது இது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவரின் படிப்பும் யாழ்ப்பாணத்து இடப்பெயர்வுகளில் பாதியில் நின்றுபோனது. அதனால் அமெரிக்க இலக்கியத்தில் முதுமாணிப் பட்டத்துக்கான, அதாவது எம்.ஏ.வுக்கான, ஆய்வை எழுதி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது. அதை மறைக்க விருப்பமில்லை.

ஆய்வைப் பற்றி எல்லார் முன்னும் பேச வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கலாநிதிப் பட்டத்துக்கு, அதாவது பி.எச்.டி.க்கு, என்னை எடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்வேன் என்றிருந்தார் என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியை. பார்வையாளர்களும் வரலாம் என்று வீட்டில் சொன்னேன்.

"அப்ப இது உன்ர அரங்கேற்றம்," என்றார் அம்மா.

"அம்மா, நான் சும்மா கதைக்கப் போறன். ஆட்டம் ஒண்டும் இல்லை."

"இருக்கட்டும். வாற சனத்துக்கு ஒண்டும் குடுக்காமல் விடேலாது."

எங்கள் வீடு இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகரிலிருந்து ரயிலேறி அம்மா, அப்பா, சித்தி மூவரும் வந்தார்கள். அம்மா பட்டுச் சேலைக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டை போட்டிருந்தார். சித்தியின் மடியில், இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் நிறைந்த பெரிய பெட்டி. பின்வரிசையிலிருந்து பொரித்த வாசம் மண்டபம் முழுக்கப் பரவியது.

நன்றாகத்தான் பேசினேன். கடைசியில் பேராசிரியை ஒரு கேள்வி கேட்டார். இயற்பண்புவாதக் கதைகளில் பிறப்பும் சூழலும் மனிதனைத் தள்ளிக்கொண்டு போகின்றன. நவீனத்துவ எழுத்தாளர்களோ மனதுக்குள் புகுந்துவிட்டார்கள். அப்படியானால் முன்னவர்களிடமிருந்து அவர்கள் பெற்றது என்ன?

பின்வரிசையைப் பார்த்தேன். ஜெர்மன் பேச்சு பாதியும் விளங்காமல், அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கே என் குடும்பம் இருக்கிறது," என்று தொடங்கினேன். "யதார்த்தவாதி அந்தச் சேலையையும் குளிர்ச்சட்டையையும் உணவுப் பெட்டியையும் உள்ளபடி எழுதுவார். இயற்பண்புவாதி போரையும் வறுமையையும் எழுதி, இவர்களின் பிள்ளை இந்த இடத்துக்கு வரவே முடியாது என்று முடித்திருப்பார். நவீனத்துவ எழுத்தாளர் என் அம்மாவின் மனதில் இப்போது ஓடுவதைத் துண்டு துண்டாக எழுதுவார். ஆனால் அந்தப் பெட்டியும் போரும் இல்லாமல் அந்த மனதை அவரால் எழுத முடியாது. அவற்றைப் பார்க்கும் கண்ணைத்தான் முன்னவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள்."

பேராசிரியை சிரித்தபடி விரல்களை மடக்கி மேசையில் தட்டினார். மண்டபமே தட்டத் தொடங்கியது. இங்கே பல்கலைக்கழகங்களில் அதுதான் பாராட்டு, கைதட்ட மாட்டார்கள். வீட்டில் இதைச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை.

அம்மா பதறி எழும்பினார். "ஐயோ, ஏன் மேசையிலை அடிக்கினம்? பிள்ளை ஏதும் பிழையாச் சொல்லிட்டுதே?"

"பேசாமல் இரும். கோவமெண்டா சிரிப்பினமே?" என்றார் அப்பா. அவர் குரலிலும் உறுதி இல்லை.

"நல்லா இருக்கெண்டுதான் அம்மா தட்டுகினம்!" என்று முன்னாலிருந்தே தமிழில் கத்தினேன்.

உடனே அப்பா இரண்டு கைகளாலும் மேசையைத் தட்டத் தொடங்கினார். எல்லாரும் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை.

பிறகு, இரண்டாவது ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, கலாநிதிப் பட்டத்தைத் தன்னிடமே செய்யலாம் என்றார் பேராசிரியை.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"என்னை எடுத்தாச்சாம் அம்மா."

"பேச்சுக்கோ, ரோல்ஸுக்கோ?" என்றார் சித்தி.

இப்போது ஆய்வில் ஒவ்வோர் அத்தியாயம் எழுதி முடிந்ததும் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பேன். அப்பா சமையலறை மேசையில் தட்டுவார். பிறந்த சூழல் ஒரு மனிதனை அமுக்கிவிடும் கதைகளைத்தான் நாள்தோறும் வாசிக்கிறேன். ஆனால் நான் பிறந்த சூழல் என்றால், எனக்கு முதலில் கேட்பது அந்தத் தட்டும் சத்தம்தான்.