முழுத் தட்டும் தைத்த தட்டும்

மரிய ஜோசப்புக்குத் தங்கை சவரிமேரி மேல் பொறாமை வந்தது ஐம்பத்தாறாவது வயதில், ஒரு பீங்கான் தட்டால்.

அப்பா கடலூர் முதுநகரில் கப்பல் சரக்கு இறக்கும் படகுக்காரர். பழைய பங்களா ஒன்றை அதிலிருந்தவர்கள் காலி செய்தபோது இரண்டு நீலப்பூத் தட்டுகள் அவருக்குக் கிடைத்தன. அவர் போய்ச்சேர்ந்த முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், மூத்தவன் முதலில் எடுக்கட்டும் என்றார்கள். ஜோசப் முழுசானதை எடுத்துக்கொண்டார். உடைந்து, பித்தளைக் கம்பியால் தைத்திருந்தது சவரிமேரியோடு சிதம்பரம் போனது. அவள் அதில் நார்த்தங்காய் காயப்போட்டாள்.

போன மாதம், வரலாறு படிக்கும் மகள் ஆரோக்கிய அனிதா அத்தை வீட்டுக்குப் போய்வந்த கையோடு, ஷோகேஸிலிருந்த தட்டை எடுத்துப் புரட்டினாள்.

"இது அச்சுல போட்டதுப்பா. பூ சேர்ற எடத்துல ஒட்டு தெரியுது பாரு. அத்தையோடதுதான் சீனாது, கையால எழுதினது. எரநூறு வருஷமாச்சும் இருக்கும். ஒடஞ்சதத் தச்சு வச்சிருக்காங்கன்னா சும்மாவா?"

டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதும் ஜோசப்பின் கண்ணில் அந்த நீலமே நின்றது. தூரிகை அழுத்திய இடத்தில் கருத்து, தூக்கிய இடத்தில் விடியற்கால வானமாய் வெளுத்து. சின்ன வயதில் மீன்குழம்பு ஊற்றித் தின்ற தட்டுதான். இப்போது அதில் காயும் நார்த்தங்காய் மேல்கூட அவருக்குப் பொறாமை.

அத்தையிடம் வாய் திறக்கக் கூடாதென்று மகளுக்குச் சொல்லிவைத்தார். ஞாயிறு பூசை முடிந்து, முழுத் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். உடைந்த சாமான் உன் வீட்டில் கிடப்பது மனசுக்குக் கேட்கவில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டதைத் தங்கையிடம் ஒப்பித்தார்.

சவரிமேரி நார்த்தங்காயை முறத்தில் கொட்டினாள். தைத்த தட்டைக் கழுவித் துடைத்து நீட்டினாள். முழுத் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் முகம் மலர்ந்தது.

"நெசமாவாண்ணே? அன்னிக்கு நீ இத எடுத்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. உன் வூட்டுக்கு வந்தா ஷோகேஸ் பக்கம் திரும்பவே மாட்டேன். எத்தினி தடவ சாமியார்கிட்ட இதச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கேன் தெரியுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முந்தானையால் அந்த அச்சுப் பூக்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சீனத் தட்டு அவர் மடியில் இருந்தது. துண்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. அச்சுத் தட்டை வாங்கியவள் முகத்தில் வந்த வெளிச்சம் தனக்கு ஏன் வரவில்லை என்று, பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டும்போது, மறுபடியும் தங்கை மேலேயே வயிறு எரிந்தது.